ஒன்றும் கிடைக்காத இரவுகள்



பாலவாக்கம் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவன கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாகன இரைச்சலும், அதன் இருமருங்கும் எழுந்து நிற்கும் மாடிக் கட்டடங்களுமே. 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பின் இவ்வூர் முற்றிலும் நகரமாகிவிட்டது. ஆயினும் சாலையை விட்டுக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் மீனவர் குப்பம் வரும். குப்பத்தைக் கடந்தால் மணல். மணலுக்கு அப்பால் கடல். அந்த மணல்வெளியில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஊர் உறங்கும் வேளையில், ஒரு சிறு கூட்டம் நடந்து செல்வதைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் கல்லூரி மாணவர். சிலர் அலுவலகங்களில் வேலை பார்ப்போர். நள்ளிரவு அளவில் நீலாங்கரையில் புறப்பட்டு, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர்க் கரைவரை சுமார் 7 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கையில் டார்ச் விளக்கு இருந்தாலும் அதை ஏற்றுவதில்லை. உரக்கப் பேசுவதும் இல்லை.

அவர்கள் தேடுவது ஆமையின் தடம். நம் மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று பெயரிட்டழைக்கும் கடலாமை இம்மாதங்களில்தான் முட்டையிடக் கரையேறுகிறது. மணலில் குடம் போன்ற குழி தோண்டி, நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அது திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்களும் மனிதரும் அம்முட்டைகளை விட்டுவைப்பதில்லை. தப்பிப் பொரித்த குஞ்சுகளோ, வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பும் இயல்புடையவை. விளக்குகள் இல்லாத காலத்தில் கடலின் மேல்வானமே இரவில் வெளிச்சமாயிருந்தது. இன்றோ தெருவிளக்குகள் அவற்றை ஏமாற்றிச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. ஆகவே இவ்விளைஞர்கள் தடத்தைக் கண்டு, குச்சியால் மணலை மெல்லக் குத்திக் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பதமாக எடுத்துச் சென்று, வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைத்து வைக்கிறார்கள். சுமார் 45 நாட்களுக்குப் பின் குஞ்சுகள் வெளிவரும்போது கடலில் விடுகிறார்கள்.

நற்பண்பை வளர்ப்பது பற்றி எழுதவந்த நான் ஆமைக்கதை சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம். எனக்கு அப்பாடத்தைப் புகட்டியது இந்தக் கரையும் என் சொந்த மகளுமே.

சுழி என்று எழுதிய இரவு

என் மகள் கல்லூரியில் படித்த நாட்களில் இக்கூட்டத்தோடு சேர்ந்தாள். எனக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. "பாடத்தைப் படிக்காமல் ஆமைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்களா?" என்று கடிந்துகொண்டேன். பெண்பிள்ளை நள்ளிரவில் வெளியே போவது பற்றிய தந்தையின் அச்சமும் அதில் கலந்திருந்தது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. "ஒருநாள் நீங்களே வந்து பாருங்கள், அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மாசி மாதத்து இரவொன்றில் நானும் சென்றேன். மணலில் நடப்பது சாலையில் நடப்பது போன்றதன்று. பாலவாக்கத்தை நெருங்கும்போதே கணைக்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. கரையேற்றி வைத்த படகுகளின் நிழல்களும், காலடி ஓசை கேட்டு வளைக்குள் ஓடும் நண்டுகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. கொட்டிவாக்கம் கடந்தது, திருவான்மியூர் கடந்தது. ஆமையும் இல்லை, தடமும் இல்லை. விடியலுக்கு முன் பெசன்ட் நகர்க் கரையை அடைந்தபோது என் மனம் முழுவதும் எரிச்சல். ஓர் இரவு வீணாயிற்றே என்று நினைத்தேன்.

மகள் தன் குறிப்பேட்டை எடுத்தாள். நாளைக் குறித்தாள். கூடுகள் என்ற இடத்தில் ஒரு சுழியை இட்டாள்.

"ஒன்றும் கிடைக்காததற்கு எழுத்து எதற்கம்மா?" என்றேன்.

"கிடைக்கவில்லை என்பதும் கணக்குத்தானே, அப்பா? நாங்கள் வந்து பார்த்ததால்தான் இல்லை என்று சொல்ல முடிகிறது. வராமல் வீட்டில் தூங்கியிருந்தால் இருந்ததா இல்லையா என்றே தெரிந்திராது" என்றாள்.

அவள் ஒரு கணக்கு முறையைத்தான் விளக்கினாள். ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் வேறோரிடத்தில் தைத்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஐம்பதாண்டு நடை

இந்நடை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1970-களின் தொடக்கத்தில், கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் முதன்முதலாகச் சென்னைக் கரையில் ஆமைத் தடம் தேடி இரவில் நடந்தார்கள். 1988-ஆம் ஆண்டு முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகத் திரண்டு இப்பணியை ஏற்றுத் தொடர்ந்து செய்துவருகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போக, அடுத்த தலைமுறை வந்து அதே மணலில் நடக்கிறது. ஊதியம் கிடையாது.

அந்த முதல் இளைஞர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயில வந்தவர், கடலின்மீது கொண்ட காதலால் ஆமைகளின் ஆய்வாளரானார். இந்தியக் கடற்கரையில் சுமார் 4,000 கிலோமீட்டர் நடந்தே ஆராய்ந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1982-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இலட்சத்தீவைச் சேர்ந்த சுஹேலி என்னும் ஆளில்லாத் தீவில் மாதக்கணக்கில் தன்னந்தனியாகத் தங்கினார். படகுகள் வர இயலாத காலம் அது. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது மிதந்துசென்று இலங்கையில் ஒரு மீனவர் கையில் சேர, அந்த நல்ல மனிதர் அதை அஞ்சலில் அனுப்பிவைத்தார். 2023-ஆம் ஆண்டு சதீஷ் பாஸ்கர் காலமானார்.

யாருமில்லாத தீவில் கடமை தவறாதிருக்கும் மனவலிமை ஒருவருக்கு ஒரே நாளில் வந்துவிடுமா? பாராட்டுவோர் இல்லாத கரையில் எத்தனையோ இரவுகள் நடந்து நடந்து பழகிய கால்களே அவரை அங்கே தாங்கி நின்றன என்பது என் எண்ணம்.

ஒழுக்கம் என்னும் சொல்

நம் தமிழ்மொழி இவ்வுண்மையை ஒரு சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. 'ஒழுக்கம்' என்பது 'ஒழுகு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. நீர் இடையறாமல் ஓடுவதையும் ஒழுகுதல் என்கிறோம். மனிதன் ஒரு நெறியில் வாழ்ந்துவருவதையும் ஒழுகுதல் என்கிறோம். ஒரு குடம் நீரை ஒரேயடியாகக் கவிழ்ப்பது ஒழுகுதல் ஆகாது. அவ்வாறே ஆண்டுக்கொருமுறை செய்யும் பெருஞ்செயலும் தனியே ஒழுக்கம் ஆகிவிடாது. அதுபோன்றே 'பண்பு' என்னும் சொல்லைக் கேட்கும்போது, நிலத்தைப் 'பண்படுத்துதல்' நினைவுக்கு வருகிறது. உழவர் நிலத்தை ஒருமுறை உழுதுவிட்டுப் பண்பட்டுவிட்டது என்று இருந்துவிடுவதில்லை. திருவள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கும் பண்புடைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததை நாம் அறிவோம்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதையே கூறினார். வீடு கட்டிக்கட்டியே ஒருவன் கொத்தனாகிறான். யாழை மீட்டி மீட்டியே இசைவாணனாகிறான். அதுபோல நேர்மையான செயல்களைச் செய்துசெய்தே நேர்மையானவனாகிறான் என்பது அவர் கருத்து. நல்லவனான பின் நற்செயல் செய்வேன் என்று காத்திருப்பவன், நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்குவேன் என்பவனைப் போன்றவன். அரிஸ்டாட்டிலின் இக்கருத்தைப் புனித தாமஸ் அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஏற்று விரித்துரைத்தார். நற்பண்பு என்பது மனத்தில் ஊன்றிய நல்ல பழக்கமே என்று திருச்சபையின் மறைநூல் வல்லுநர்கள் இன்றளவும் கற்பித்து வருகின்றனர்.

ஆனால் இதே விதி தீமைக்கும் பொருந்தும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் பழமொழி. நல்ல பழக்கத்தைப் போலவே கெட்ட பழக்கமும் சிறிது சிறிதாக, நாம் அறியாமலேயே வேரூன்றுகிறது. இதற்குச் சான்று தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை.

வாசலில் சொன்ன பொய்

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது இது. ஒரு நண்பரிடம் சிறு தொகை கைமாற்றாக வாங்கியிருந்தேன். சொன்ன தேதியில் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. ஒருநாள் மாலை அவர் வாசலில் நின்று அழைத்தபோது, நான் உள்ளறையில் இருந்துகொண்டே மகளை அனுப்பி, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்றேன். குழந்தை என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு போய்ச் சொல்லிவிட்டு வந்தது. மறுவாரம் கடனைத் தீர்த்துவிட்டேன். நானும் அதை மறந்துவிட்டேன்.

அந்த விடியற்காலையில், சுழியிட்ட குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வாசற்படி நினைவுக்கு வந்தது. 'இல்லை' என்ற சொல்லை நான் அவளுக்குப் பொய்யாகக் கற்றுக்கொடுத்தேன். அவளோ அதே சொல்லை உண்மைக்காக, உறக்கம் விழித்து, ஏழு கிலோமீட்டர் நடந்து எழுதுகிறாள். வீட்டில் கெடுத்ததைக் கரை திருத்தியிருக்கிறது!

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. வாசலில் சொன்னது என் முதற்பொய்யுமன்று, இறுதிப்பொய்யுமன்று. தொலைபேசியில் "இதோ வந்துகொண்டேயிருக்கிறேன்" என்று வீட்டிலிருந்தபடியே சொல்வது, படிக்காத கடிதத்தைப் படித்தேன் என்பது, விருப்பமில்லாத அழைப்புக்கு உடல்நலமில்லை என்பது—இவையெல்லாம் எனக்கு மூச்சுவிடுவது போல் இயல்பாகியிருந்தன. பெரிய சோதனை வந்தால் நான் உண்மையின் பக்கமே நிற்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய சோதனை வரவேயில்லை. சிறியவை நாள்தோறும் வந்தன; ஒவ்வொன்றிலும் தோற்றேன். தோற்றதைக் குறித்து வைக்கவுமில்லை.

இரண்டு கோடுகள்

குறித்து வைத்தல் என்னும் இம்முறை நம் மறையில் மிகப் பழையது. 1521-ஆம் ஆண்டு பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த போர்வீரர் ஒருவர், பின்னர் மன்ரேசாவில் தவமிருந்து தாம் பெற்ற அனுபவத்தைப் பயிற்சிகளாக எழுதினார். அவரே சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அந்நூலை அங்கீகரித்தார். அதில் 'தனி ஆன்ம சோதனை' என்றொரு பயிற்சி உண்டு. அதன் எளிமை வியப்பூட்டுவதாகும்.

ஒரே சமயத்தில் எல்லாக் குறைகளையும் திருத்த முயலாமல், ஒரே ஒரு குறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அதை விலக்க உறுதிகொள்ள வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் இட்டு, தவறிய ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிற்பகலை முற்பகலோடும், இன்றை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். இடையில் தவறிவிட்டால் உடனே நெஞ்சில் கைவைத்து வருந்த வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் இதை ஒத்த முறையொன்றை விவரித்தார். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, ஒரு சிறு ஏட்டில் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள் வரைந்து, தவறியபோது கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு பண்பு என்று ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். அவர் எண்ணிய நிறைவை அவர் அடையவில்லை. பொருள்களை அதனதன் இடத்தில் ஒழுங்காக வைக்கும் பழக்கம் அவருக்கு இறுதிவரை வசப்படவேயில்லை. எனினும் முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவனாகவும் மகிழ்ச்சியுள்ளவனாகவும் ஆனேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இவ்விருவரையும் பாலவாக்கம் கரையில் நடக்கும் மாணவரையும் இணைப்பது ஒன்றே. சிறிய அளவு; குறித்த நேரம்; பொய்யில்லாத குறிப்பு. தோல்வியையும் எழுதிவைக்கும் துணிவு இருந்தால் மட்டுமே வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

எத்தனை நாட்கள்?

ஒரு பழக்கம் வேரூன்ற எத்தனை நாட்களாகும்? இருபத்தொரு நாட்கள் போதும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை 2010-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஓர் எளிய செயலைத் தெரிந்துகொண்டு நாள்தோறும் குறித்த வேளையில் செய்தனர். முயற்சியின்றித் தானாக நிகழும் நிலையை அச்செயல் எட்டுவதற்குச் சராசரியாக 66 நாட்களாயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கோ 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. அதில் ஆறுதல் தரும் செய்தியும் ஒன்றுண்டு. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் கெட்டுவிடவில்லை.

நம் தவக்காலத்தை இங்கே எண்ணிப் பார்ப்போம். திருநீற்றுப் புதன் அன்று எத்தனை நல்ல தீர்மானங்கள் எடுக்கிறோம்! புலால் மறுத்தல், புகைபிடிக்காதிருத்தல், கோபத்தை அடக்குதல், தொலைக்காட்சியைக் குறைத்தல் என்று அவை நீளும். பாஸ்கு ஞாயிறு வந்ததும் நோன்பு முடிந்ததெனத் தீர்மானமும் முடிந்துவிடுகிறது. நாற்பது நாட்கள் நீரூற்றிய செடியை வேர் பிடிக்கும் தறுவாயில் பிடுங்கி எறிவதற்கு இது ஒப்பாகுமன்றோ? உணவை மறுத்தது பாஸ்காவோடு முடியலாம், அது முறையே. ஆனால் கோபத்தை அடக்கியதும் பொய்யை விலக்கியதும் ஏன் முடிய வேண்டும்? பாஸ்கா முதல் பெந்தெகொஸ்தே வரை உள்ள ஐம்பது நாட்களையும் அதனோடு சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ தொண்ணூறு நாட்களாகின்றன. ஆமை நடையின் பருவமும் நம் தவக்காலத்தைத் தழுவியே வருகிறது. பங்குனி ஆமைக்காக நான்கு மாதம் நடக்கும் இளைஞர்களுக்கு நாம் இளைத்தவர்களா?

அவ்வாறே பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்துக்கு நம்மில் எத்தனையோ பேர் திருவிழாக் காலத்தில் நடந்து போகிறோம். அந்த நேர்ச்சை நடை போற்றத்தக்கதே. ஆனால் ஆண்டில் ஒருநாள் பத்து மைல் நடந்த கால்கள், மறுநாள் அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கப் பத்து அடி நடக்க மறுத்தால், அந்த நடை நம்மை எங்கே கொண்டுசேர்த்தது?

சோர்வும் செருக்கும்

இவ்வழியில் இரு பள்ளங்கள் உண்டு. ஒன்று சோர்வு. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி மேலே வர இயலாமல் போனால் மூச்சுத் திணறி இறந்துவிடும். முட்டைகளைத் தேடிச் சென்றோர் பிணங்களை எண்ணும்படியாயிற்று. "இதற்கு மேலும் நடந்து என்ன பயன்?" என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வாண்டும் நடை நிற்கவில்லை. கூடுகளை எழுதியதுபோலவே இறந்தவற்றையும் எண்ணி எழுதினார்கள். இடரின் அளவு ஊருக்கும் அரசுக்கும் தெரியவந்ததற்கு இத்தகைய எண்ணிக்கை உதவிற்று.

நம் இல்லங்களிலும் இத்தகைய மாதங்கள் வரும். திருத்த முயன்ற குறை முன்னிலும் மிகுந்து தோன்றும். மதுவை விட்ட கணவர் மீண்டும் தடுமாறுவார். பொறுமை காத்த மருமகள் ஒருநாள் வெடித்துவிடுவாள். அன்றைய புள்ளியையும் நேர்மையாக இட்டுவிட்டு மறுநாள் நடக்க வேண்டும். ஒருநாள் வழுக்கி விழுந்தவருக்கு, "உன் நல்லெண்ணமெல்லாம் பார்த்தோம்" என்று குத்திக்காட்டும் உறவினரைப் போன்ற பகைவர் வேறில்லை. எழுந்து நிற்கக் கைகொடுப்பதே குடும்பத்தின் கடமை.

மற்றொரு பள்ளம் செருக்கு. கணக்குப் பார்க்கும் பழக்கம், பிறர் கணக்கைப் பார்க்கும் பழக்கமாக எளிதில் மாறிவிடும். ஆலய முன்வரிசையில் நின்று தன் நோன்புகளை எண்ணிக்காட்டிய பரிசேயனின் உவமை நமக்குப் புதிதன்று. அவன் பழக்கங்கள் தவறானவையல்ல. அவற்றைத் தனக்கே கண்ணாடியாக்கிக்கொண்டதுதான் தவறு. புள்ளியிடும் ஏடு நமக்கு மட்டுமே உரியது. அதைப் பிள்ளைகளின் குற்றப்பட்டியலாக மாற்றிவிட வேண்டாம்.

இல்லத்தில் தொடங்க

நம் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்று சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுங்கள். 'நல்லவனாவேன்' என்பது தீர்மானமன்று. 'மனைவி பேசி முடிக்குமுன் குறுக்கிட மாட்டேன்', 'கடைக்காரர் தவறி மிகுதியாகக் கொடுத்த சில்லறையை அங்கேயே திருப்பிக் கொடுப்பேன்' என்பவை தீர்மானங்கள். மாலையில் ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடியதாக அது இருக்கட்டும்.

இரண்டாவது, அதை ஏற்கெனவே நிலைபெற்றிருக்கும் வேளையோடு கட்டிவிடுங்கள். நம் வீடுகளில் மாலைச் செபம் உண்டு. இரவு உணவு உண்டு. செபமாலை முடிந்து விளக்கை அணைக்குமுன் இரண்டு நிமிட மௌனம் போதும். தனியாக நேரம் ஒதுக்குவேன் என்றால் அந்த நேரம் வரவே வராது.

மூன்றாவது, துணையோடு செய்யுங்கள். ஆமை தேடுவோர் தனியே நடப்பதில்லை. ஒருவருக்கு உறக்கம் வந்தால் மற்றவர் எழுப்புவார். கணவனும் மனைவியும், அண்ணனும் தங்கையும் இவ்வாறு ஒருவருக்கொருவர் துணையாகலாம்.

நான்காவது, பிள்ளைகளிடம் நாம் கேட்பதை முதலில் நாம் செய்வோம். பெரியோர் தம் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது மதிப்பைக் குறைக்கும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். நானும் அஞ்சியவனே.

அந்த நடைக்குப் பின் நானும் ஒரு நோட்டு வாங்கிக் கோடுகள் இட்டேன். எடுத்துக்கொண்ட குறை, சிறு பொய்கள். முதல் வாரத்தில் புள்ளி வைக்கக் கோட்டில் இடம் போதவில்லை! இத்தனை பொய் சொல்பவனா நான் என்று எனக்கே நாணமாயிற்று. இன்றும் புள்ளிகள் விழத்தான் செய்கின்றன. ஆனால் எண்ணக்கூடிய அளவில் விழுகின்றன. பல வாரங்கள் தயங்கிய பிறகு ஒருநாள் மகளிடம் கேட்டேன். "நீ சிறுமியாயிருந்தபோது வாசலுக்கு அனுப்பி, நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேனே, நினைவிருக்கிறதா அம்மா? அது தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

"நினைவிருக்கிறது, அப்பா" என்றாள். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சாப்பிட வாருங்கள்" என்றாள். மன்னிப்பு அச்சொல்லில் இருந்தது.

கரையின் கடைசியில்

அந்நடை முடியும் பெசன்ட் நகர்க் கரையில் வெள்ளை நிற நினைவு மண்டபமொன்று நிற்பதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 1930-ஆம் ஆண்டு இக்கடலில் தத்தளித்தோரைக் காக்கப் போய்த் தம் உயிரை இழந்த ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. யோசிக்க நேரமில்லாத அந்த நொடியில் ஒரு மனிதன் அலைக்குள் பாய்ந்தான். அத்தகைய நொடி நம் வாழ்வில் வருமோ வராதோ, நாமறியோம். வந்தால், அன்றுவரை நாள்தோறும் நாம் எதைப் பழகினோமோ அதுவே நம் கைகால்களை இயக்கும். புதிதாக ஒன்றைக் கற்க அப்போது நேரமிராது.

பங்குனி முடியும் தறுவாயில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையொன்றில் நான் மீண்டும் அக்கரைக்குச் சென்றேன். உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு உயிர்கள், அலை புரட்டிப் போட்டாலும் மீண்டும் கடலை நோக்கியே நகர்ந்தன. ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பருவம் எய்தும் என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வொன்று முட்டையிடத் திரும்பிவரப் பத்தாண்டுகளுக்கு மேலாகலாம். அன்று அதைச் சுமந்துவந்த மாணவன் அப்போது எந்த ஊரில் இருப்பானோ! பலனைக் காணமாட்டோம் என்று தெரிந்தும் அவர்கள் முட்டைகளைப் பதமாக ஏந்துகிறார்கள்.

பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் நாள்தோறும் இடும் நல்ல பழக்கங்களும் அத்தகையனவே. அவை எப்போது, எந்தக் கரையில் ஏறும் என்பது நமக்குத் தெரியாது. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் நம் கணக்கை எழுதுவோம். சுழியாயிருந்தால் சுழியென்றே எழுதுவோம். நாளையும் நடப்போம்.